முலாமா, அசலா?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் தங்க முலாம் பூசிய பதக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் புலியை வீழ்த்தும் சிங்கம். அசல்தானா? பாலிஷ் போடலாமா?
– வாசகர், முகத்துவாரக்குப்பம்

பதில்: 1799இல் திப்பு சுல்தானை வென்றதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய சீரங்கப்பட்டணப் பதக்கமாக இருக்கலாம். இங்கிலாந்தின் சோஹோ ஆலையில் அச்சடித்தவை சுமார் 48 மி.மீ. விட்டம். பதவிக்கேற்பத் தங்கம், முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் என ஐந்து வகை.

முதலில் விட்டத்தை அளந்து பாருங்கள். அசலைப் பார்த்து வார்த்த நகல் சற்றே சுருங்கியிருக்கும். லென்ஸில் குமிழ்த் துளைகளோ விளிம்பில் இணைப்புக் கோடோ தெரிந்தால் வார்ப்புதான். பழைய முலாம் என்றால் சிங்கத்தின் பிடரி போன்ற மேடுகளில் தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்க்கும். கீறலுக்குள்ளும் தங்கம் மின்னினால் பிற்பாடு பூசியது.

பாலிஷ் வேண்டவே வேண்டாம். மெல்லிய முலாம் போனால் மதிப்பும் போகும். உப்புக்காற்று படாமல் மூடி வையுங்கள்.