கறுத்த பழமும் காலைப் பசியாறலும்

சமையலறைக் கூடையில் தோல் கறுத்துப்போன மூன்று நான்கு வாழைப்பழங்கள் கிடக்கின்றன. யாரும் அவற்றைத் தொடுவதில்லை. குப்பையில் எறிந்துவிடலாமா? வேண்டாம். நாளைக் காலைப் பசியாறலுக்கு அவையே மிகவும் ஏற்றவை.

பேராவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பேரா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. வெயில் ஏறுவதற்குமுன் மரத்தில் பால் நன்றாக வடியும். ஆகவே, தொழிலாளர்கள் இருட்டிலேயே எழுந்து பெரட்டுக்குச் சென்றனர். லயத்து வீடுகளின் கொல்லையில் வாழை வளர்த்தனர். ஒரு தார் பழுத்தால், சீப்புகள் அடுத்தடுத்துக் கனிந்துவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில், மிஞ்சிய பழத்தைக் கோதுமை மாவுடன் பிசைந்து எண்ணெயில் பொரித்தனர். இத்தகைய பலகாரத்தை மலாய்க்காரர்கள் ‘செக்கோடோக் பீசாங்’ என்பர்.

காலப்போக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. இன்று பலர் பழத்தைச் சந்தையில் வாங்குகின்றனர். ஆனால், பழம் வீணாகும் சிக்கல் மட்டும் தீரவில்லை. அதற்கு ஓர் எளிய வழி, மஃபின் எனப்படும் சிறிய கிண்ண வடிவ அணிச்சலைச் சுடுவதாகும்.

இதற்குக் கனிந்த பழமே ஏன் வேண்டும்? வாழைக்காயின் எடையில் ஏறக்குறைய 20 விழுக்காடு மாவுச்சத்து உள்ளது. பழம் கனியும்போது அதன் பெரும்பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அதனால், நாம் சேர்க்கும் சீனியைக் குறைக்கலாம். மேலும், பழத்தின் எடையில் முக்கால் பங்கு நீர்தான். அந்த நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், மஃபின் மறுநாளும் காயாமல் ஈரப்பதத்துடன் இருக்கும்.

பன்னிரண்டு மஃபின்களுக்குக் கனிந்த வாழைப்பழம் மூன்று, கோதுமை மாவு 200 கிராம், சீனி 80 கிராம், முட்டை ஒன்று, எண்ணெய் 80 மில்லிலிட்டர், தயிர் நான்கு மேசைக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவை தேவை. முதலில், பழத்தை முள்கரண்டியால் மசிக்க வேண்டும். அதில் சீனி, முட்டை, எண்ணெய், தயிர் ஆகியவற்றைக் கலக்க வேண்டும். மாவையும் சோடாவையும் உப்பையும் ஒன்றாகச் சலித்து, இறுதியில் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். மாவை நெடுநேரம் கிளறினால், அதிலுள்ள பசையம் இறுகி மஃபின் கெட்டியாகிவிடும். ஆகவே, உலர்ந்த மாவு மறையும்வரை கிளறினால் போதும்; சிறு கட்டிகள் இருந்தாலும் பரவாயில்லை. தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் வாயு உண்டாகத் தொடங்கும். எனவே, கலவையைத் தாமதிக்காமல் காகிதக் கிண்ணங்களில் ஊற்றி, முன்னதாகவே சூடாக்கிய ஓவனில் 180 பாகை செல்சியசில் சுமார் 20 நிமிடம் சுட வேண்டும். நடுவில் குத்திய குச்சியில் ஈரமாவு ஒட்டாவிட்டால் மஃபின் வெந்துவிட்டது என்று பொருள்.

தோல் கறுத்த பழமெல்லாம் கெட்ட பழமன்று. எனினும், பூசணம் பூத்திருந்தாலோ புளித்த வாடை வீசினாலோ அதனைப் பயன்படுத்தக்கூடாது. உடனே சுட நேரமில்லையெனில், கனிந்த பழத்தை உரித்து உறைபெட்டியில் வைக்கலாம்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் தோட்டப்புறத்தில் வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்களா? மிஞ்சிய பழத்தை அந்நாளில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் கைப்பக்குவம் எந்தப் புத்தகத்திலும் இல்லாமற்போகலாம். இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.