பன்றியின் காதில் 15 இலக்கம்

ஐரோப்பியப் பண்ணைகள் பலவற்றில் சினைப் பன்றியின் காதில் மின்னணுத் தோடு மாட்டுகிறார்கள். அதில் பேட்டரி கிடையாது. தீவனக் கூண்டிலுள்ள ரீடரின் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையிலேயே சிப் இயங்கி, தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அதைப் பார்த்து, அந்தப் பன்றிக்கு உரிய அளவு தீவனத்தைக் கம்ப்யூட்டர் கொட்டும். முதல் 3 இலக்கம் நாட்டின் குறியீடாக இருக்கலாம், பெல்ஜியத்துக்கு 056.

இத்தகைய எண்களை எக்ஸெலில் டைப் செய்து நான் ஏமாந்தேன். முன்னால் இருந்த 0 காணாமல் போனது! இந்தப் பட்டியலை நம்பினால் பன்றி பட்டினிதான்.

டைப் செய்யும் முன் அந்த நெட்டு வரிசையைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் விண்டோவில் டெக்ஸ்ட் என மாற்றுங்கள். அடையாள எண் கூட்டிக் கழிக்க அல்ல; அது ஒரு பெயர். 0-வில் தொடங்கும் போன் எண்ணுக்கும் இதே வழிதான்.