சிங்க் ஆனதெல்லாம் பேக்கப் இல்லீங்க!

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் ஒரு கடை. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே நாலைந்து தறி முதலாளிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ரூட்டர், ஒரு பிரிண்டர். கடையை நடத்தும் அக்காவிடம், "பேக்கப் எல்லாம் எடுக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன். "மூணு சிஸ்டத்துலயும் ஒரே ஃபைல்தான் தம்பி. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து அவரே, "அப்படி நினைச்சுத்தான் போன வருஷம் ஏமாந்தோம்" என்று சிரித்தார்.

நடந்தது இதுதான். மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே கிளவுட் டிரைவை இணைத்து, கணக்கு ஃபோல்டரை சிங்க் ஆகும்படி வைத்திருந்தார்கள். இடம் பத்தவில்லை என்று கடைப்பையன் ஒருநாள் ஒரு கம்ப்யூட்டரில் "பழைய" ஃபோல்டர் ஒன்றை அழித்தான். மற்ற இரண்டிலும் அது தானாக அழிந்தது. கிளவுடிலும் அழிந்தது. தீபாவளி போனஸ் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் பொறுக்கும். அதற்குப் பிறகு தானே காலியாகிவிடும். எந்த நெசவாளருக்கு எத்தனை பாவு போனது, எத்தனை சேலை திரும்பி வந்தது, யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருந்தார், எல்லாம் போச்சு.

கடைசியில் கணக்கை மீட்டது எது தெரியுமா? நெசவாளர்கள் வீட்டில் வைத்திருந்த சின்ன நோட்டு. பாவு வாங்கும்போதும் சேலை கொடுக்கும்போதும் தேதி போட்டு எழுதி வாங்கிய நோட்டு. வீடு வீடாகப் போய் அதைப் பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். அடைத்து முடித்த முன்பணத்தை ஒரு அம்மாவின் கூலியில் மறுபடி பிடிக்க இருந்தார்களாம். நோட்டை எடுத்து நீட்டியதும் பேச்சு நின்றது.

அந்த நோட்டுகள் எந்த நெட்வொர்க்கிலும் இல்லை. அதனால்தான் பிழைத்தன. நம் பாடமே இதுதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. இங்கே கை தூக்கினால் அங்கேயும் கை தூக்கும். இங்கே ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். தப்பான எண்ணை அடித்து சேவ் செய்தால் அங்கேயும் அந்தத் தப்பே ஏறும். பேக்கப் என்பது போட்டோ மாதிரி. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். இன்று நீங்கள் செய்யும் தவறு நேற்றைய போட்டோவைத் தொடாது. உங்கள் போனிலும் இதைப் பார்க்கலாம். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன பிறகு, அந்த ஆப்பிலேயே படத்தை டெலிட் செய்தால் போனிலிருந்தும் போகும், கிளவுடிலிருந்தும் போகும். "அதான் கூகுள்ல இருக்கே" என்று பலர் அழித்துவிட்டு அப்புறம் தேடுவது இதனால்தான்.

பெரிய நிறுவனங்கள் இதில் ஏமாறாது என்று நினைக்க வேண்டாம். மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தின் பெயர் எழுதிய கண்டெய்னரை தூத்துக்குடி ரோட்டில் லாரியில் போகப் பார்த்திருப்பீர்கள். 2017 ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் அதன் நெட்வொர்க்கில் புகுந்தது. உள்ளே வந்த வழி, உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட். சில மணி நேரத்தில் உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் செத்துப்போயின. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை முடங்கியது.

யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் அவர்களிடம் ஏறக்குறைய 150 இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று சிங்க் ஆகும். ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்ற கணக்கு. நம்ம பாளையம்பட்டி அக்கா போட்ட அதே கணக்கு! எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. போனது. ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில். காரணம், தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! கரண்ட் கட்டைத் திட்டியே பழகிய நமக்கு இதைக் கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். அங்கிருந்து இன்டர்நெட்டில் அனுப்ப வேகம் போதவில்லை. அந்த ஊழியர்களிடம் பிரிட்டன் விசாவும் இல்லை. ஒருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, அங்கே இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டன் கொண்டு போனார். அதை வைத்துத்தான் மறுபடி கட்டினார்கள். மொத்தம் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல். புறநோயாளி சீட்டு முதல் எல்லாம் பல நாள் பேனாவும் பேப்பருமாகவே ஓடியது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தகவல்கள் முழுவதும் மீட்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே ஊடுருவலுக்குக் காரணம் என்பதும் அரசின் பதிலில் இருந்தது.

சரி, நம் கடைக்கு வருவோம்

மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் அதில் ஒன்றை, முடிந்தால் வாடிக்கையாளர் கை படாத ஒன்றை, பேக்கப் வாங்கி வைக்கும் கம்ப்யூட்டராக ஒதுக்குங்கள். அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வேண்டும். அந்த டிஸ்கில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி ஷேர் செய்யுங்கள். ஷேர் செய்யும்போது "எவ்ரிஒன்" என்று கொடுத்துவிட வேண்டாம். எல்லோரும் செய்யும் தப்பு இது. பேக்கப்புக்கென்றே தனியாக ஒரு யூசர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு. ஃபோல்டரில் எழுதும் உரிமை அந்த யூசருக்கு மட்டும்.

மற்ற கம்ப்யூட்டர்களில் கண்ட்ரோல் பேனல், சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் ஃபைல் ஹிஸ்டரி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது இருக்கிறது. ஆனால் தானாக ஓடாது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். "செலக்ட் டிரைவ்" போய், "ஆட் நெட்வொர்க் லொகேஷன்" அழுத்தி, நீங்கள் ஷேர் செய்த ஃபோல்டரைக் காட்டுங்கள். அந்தக் கம்ப்யூட்டரை அதன் பெயரால் காட்டுங்கள், ஐபி எண்ணால் வேண்டாம். கரண்ட் போய் ரூட்டர் மறுபடி ஆன் ஆகும்போது அந்த எண் மாறிவிடலாம். பிறகு பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிடும். பட்டியலில் கம்ப்யூட்டரே தெரியவில்லை என்றால், நெட்வொர்க் செட்டிங்கில் "பப்ளிக்" என்று இருக்கும். அதை "பிரைவேட்" ஆக்குங்கள்.

அடுத்து "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்". எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பிரதி எடுப்பது என்ற இடத்தில் ஒரு மணி நேரம் என்று ஏற்கெனவே இருக்கும். கூலிக் கணக்கு எழுதும் கடைக்கு அது போதும். பழைய பிரதிகளை எவ்வளவு நாள் வைப்பது என்ற இடத்தில் "ஃபாரெவர்" என்று இருக்கும். அப்படியே விட்டால் ஒருநாள் டிஸ்க் நிரம்பி பேக்கப் நின்றுவிடும். ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம் என்று மாற்றுங்கள். வருஷக் கணக்கு முடிந்து வரி தாக்கல் செய்யும்வரை பழைய பிரதி கையில் இருக்க வேண்டும். ஒரு மாதம், மூன்று மாதம் எல்லாம் பத்தாது.

இப்போது, பெரும்பாலான கடைகளில் கோட்டை விடும் இடம். நம் ஊரில் யார் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தாலும் "வேலையெல்லாம் டி டிரைவ்ல வைங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபைல் ஹிஸ்டரி தானாகப் பார்ப்பது டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களை மட்டுமே. டி டிரைவை அது எட்டிக்கூடப் பார்க்காது. அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து "இன்க்லூட் இன் லைப்ரரி" கொடுத்தால்தான் சேரும். விண்டோஸ் 11-இல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" அழுத்திய பிறகு அது தெரியும். பேக்கப் ஓடுகிறது என்ற நிம்மதியில் ஆறு மாதம் இருந்துவிட்டு, உள்ளே பார்த்தால் டெஸ்க்டாப் வால்பேப்பர் மட்டும் பத்திரமாக இருக்கும்!

டாலியில் கணக்கு எழுதுபவர்களுக்கு டாலி பிரைமிலேயே வழி இருக்கிறது. ஆல்ட் விசையோடு ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப். அதைச் சேமிக்கும் இடமாக அதே கம்ப்யூட்டரின் சி டிரைவைக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. நெட்வொர்க் ஃபோல்டரைக் கொடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாஸ்க் ஷெட்யூலரில் பேக்கப் வைக்கும் டெக்னீஷியன்கள் வழக்கமாக இரவு 12 மணி, 2 மணி என்று வைப்பார்கள். எந்தக் கடையில் இரவில் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யாமல் பூட்டுகிறோம்? மதியச் சாப்பாட்டு நேரம்தான் நமக்குச் சரி. அதோடு, குறித்த நேரம் தவறிப்போனால் முடிந்தவரை சீக்கிரம் ஓடு என்று ஒரு டிக் பாக்ஸ், "செட்டிங்ஸ்" பக்கத்தில் இருக்கும். அதை டிக் செய்யச் சொல்லுங்கள். பேக்கப் வாங்கும் கம்ப்யூட்டர் தூங்கிப் போகாமல் இருக்க பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப் "நெவர்". ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு அதற்கு ஒரு யுபிஎஸ்ஸும் வேண்டும்.

எய்ம்ஸ் பாடத்தையும் மறக்க வேண்டாம். கடைக்கு வருகிறவர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் நம்மால் மறுக்க முடியாது. பெரும்பாலான ரூட்டர்களில் "கெஸ்ட் நெட்வொர்க்" என்று ஒரு வசதி உண்டு. அதை ஆன் செய்து அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள். அவர்கள் போனில் என்ன இருந்தாலும் உங்கள் கணக்கு ஃபோல்டர் பக்கம் வராது.

வயரைப் பிடுங்குங்கள்

இத்தனையும் செய்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பேக்கப் யூசரின் பாஸ்வேர்டை மற்ற கம்ப்யூட்டர்கள் நினைவில் வைத்திருக்கின்றன. அதாவது, அந்தக் கம்ப்யூட்டரில் புகுந்த ரான்சம்வேர் அதே பாஸ்வேர்டால் பேக்கப் ஃபோல்டரையும் எட்டலாம். கரண்ட் இல்லாத கானா சர்வர் மாதிரி, பாளையம்பட்டி நோட்டு மாதிரி, ஒரு பிரதியாவது எந்த வயரிலும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இதற்கு எளிய வழி, இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். வெள்ளிக்கிழமை கடையில் சாமி கும்பிட்டு சாம்பிராணி போடும்போது, ஒரு டிஸ்க்கை மாட்டி அந்த வாரப் பிரதியை அதில் ஏற்றுங்கள். கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அடுத்த வெள்ளி மற்றொன்று. எப்போதும் ஒன்றாவது வீட்டில் இருக்கும்; கடையில் தீப்பிடித்தாலும் திருடு போனாலும் ஒரு வாரக் கணக்குத்தான் போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் சொன்ன 3-2-1 கணக்கும் இதுவே.

வீட்டுக்குப் போகும் டிஸ்கில் ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் இருந்தால் அது தொலைந்தால் என்ன ஆகும்? முதலில், விண்ணப்பம் முடிந்ததும் அந்த ஸ்கேன்களை அழித்துவிடுங்கள். நம்மிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கும் கணக்குக்கு பிட்லாக்கர் பூட்டு போடலாம். விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால்தான் அதைப் போட முடியும், ஆனால் போட்ட டிஸ்க்கை ஹோம் பதிப்பிலும் பாஸ்வேர்டு கொடுத்துத் திறக்கலாம். மீட்புச் சாவி எண்ணைப் பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள், டிஸ்க்கோடு ஒரே பையில் வேண்டாம்.

கடைக்குப் போகும் பொதுமக்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. உங்கள் விண்ணப்ப ஒப்புகைச் சீட்டு, சான்றிதழ் எதுவும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நம்பி வர வேண்டாம். ஒப்புகை எண்ணைப் போனில் போட்டோ எடுத்து, ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் ஒருநாள் ஃபைல்களைத் திறக்க மறுத்து, பணம் கேட்டு மிரட்டும் திரை வந்தால், முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்த நேரத்தில் கொண்டுவந்து மாட்டாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது அதுதான். பணம் கட்ட வேண்டாம். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்ட பிறகே டிஸ்க்கை மாட்ட வேண்டும்.

எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்த்திருக்கிறீர்களா? கிட்லேப் என்ற மென்பொருள் சேவை நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு ஊழியர் தவறான சர்வரில் தகவலை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், பல வகையில் எடுத்ததாக நினைத்திருந்த எதுவும் உருப்படியாக இல்லை. தோல்வி என்று சொல்லும் மின்னஞ்சல்கள்கூட யாருக்கும் போய்ச் சேராமல் இருந்தன. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த பிரதியால்தான் தப்பித்தார்கள்.

நீங்கள் மாதம் ஒருமுறை ஒரு ஃபைலை மட்டும் மீட்டுப் பாருங்கள். ஃபைல் ஹிஸ்டரியில் "ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்" திறந்து, போன வாரக் கணக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பல் சக்கரப் படத்தை அழுத்தி "ரீஸ்டோர் டு" கொடுத்து வேறு ஃபோல்டரில் இறக்குங்கள். நேரடியாக மீட்டால் இன்றைய ஃபைல் மேலேயே உட்கார்ந்துவிடும், கவனம். வருஷத்துக்கு ஒருமுறை முழு டிஸ்க்கையும் வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்து பார்க்க வேண்டும். பாளையம்பட்டி அக்கா அதற்கு ஆயுத பூஜைக்கு முந்தின நாளைக் குறித்து வைத்திருக்கிறார். அன்றைக்கு எப்படியும் கம்ப்யூட்டரைத் துடைத்து சந்தனம், குங்குமம் வைக்கிறோமே, அப்போதே இதையும் பார்த்துடலாம் என்கிறார். நெசவாளர் நோட்டுகளையும் அவர் நிறுத்தவில்லை.