விரல் மூட்டு வலியும் எக்ஸ்ரே படமும்



"காலையிலே எழுந்தா விரலை மடக்க முடியலே. குடம் தூக்க முடியலே, மாவு பிசைய முடியலே. படம் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்க."

கிராமங்களில் தாய்மார்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். வீட்டிலுள்ளவர்களோ, "வேலைக்குச் சாக்குச் சொல்றா" என்று நினைத்து விடுகிறார்கள். படத்தில் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. காரணத்தைப் பார்ப்போம்.

மூட்டுக்குள் இருப்பது என்ன?

இரண்டு எலும்புகள் சேரும் இடமே மூட்டு. எலும்பு முனைகளின் மேல் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் சுரக்கும் நீர், வண்டி அச்சுக்கு மசகு போல உதவுகிறது. விரல் மூட்டில் குருத்தெலும்பின் கனம் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதற்கு இரத்தக் குழாய் கிடையாது. ஆகவே ஒருமுறை கெட்டுப்போனால் பழையபடி ஆவது அரிது.

படங்கள் மூன்று வகை

1. எக்ஸ்ரே: 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ்ரே எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. எலும்பைக் காட்டும் எக்ஸ்ரே, குருத்தெலும்பைக் காட்டாது. அது இருக்குமிடம் வெறும் இடைவெளியாகத் தெரியும். குருத்தெலும்பு தேய்ந்தால் அந்த இடைவெளி குறுகும். எலும்பின் ஓரம் அரித்திருந்தால் அதுவும் தெரியும். ஆனால் இம்மாற்றங்கள் தெரிய மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும்.

2. ஸ்கேன்: கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே ஒலி அலை முறைதான். சவ்வு வீங்கியிருப்பதும், நீர் கோத்திருப்பதும், எலும்பு அரிப்பும் எக்ஸ்ரேயில் தெரியும் முன்பே இதில் தெரியலாம்.

3. எம்.ஆர்.ஐ.: காந்த சக்தியால் எடுப்பது. குருத்தெலும்பையே காட்டக்கூடியது. விரல் மூட்டு சிறியதாகையால் நுட்பமாக எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தேவைப்படாது. டாக்டர் சொன்னால் மட்டும் போதும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

விரலின் அடி மூட்டும் நடு மூட்டும் இரண்டு கைகளிலும் வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. விரல் நுனி மூட்டிலும் கட்டைவிரல் அடியிலும் கெட்டியாகப் புடைத்து வலிப்பது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் தேய்மானம். எதுவென்று டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்து, இரத்தமும் பரிசோதித்துச் சொல்வார். ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

படம் எடுக்கப் போகுமுன்

* வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். எம்.ஆர்.ஐ. என்றால் தாலிக் கொடி, மெட்டி உட்பட எல்லா உலோகமும் கழற்ற வேண்டும். அதுவரை மஞ்சள் கயிறு அணியலாம்.
* மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கை எக்ஸ்ரேயின் கதிர் மிகச் சொற்பம். ஆயினும் சொல்வது நல்லது.
* காப்பர்-டி போட்டிருந்தாலும் சொல்லுங்கள். அதனால் எம்.ஆர்.ஐ. எடுப்பது பொதுவாகத் தடைபடாது. இருதயத்தில் பேஸ்மேக்கர் கருவி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாத்திரையும் குழந்தைப் பேறும்

முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தருவார்கள். இதை வாரம் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. இது கருவையும் பாதிக்கும். ஆகவே இதைச் சாப்பிடும் காலத்தில் கருத்தடை முறையைத் தவறாமல் கைக்கொள்ளுங்கள். குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். முடக்குவாதம் உள்ளவர்களும் நல்ல குழந்தையைப் பெற்றெடுக்கலாம்.

கணவன்மார்களே! "படத்துல ஒண்ணுமில்லையே, அப்புறம் என்ன?" என்று கேட்காதீர்கள். ஒரு குடத்தை நீங்கள் தூக்குங்கள். ஆஸ்பத்திரிக்கும் கூடவே போங்கள்.

நினைவில் வையுங்கள்: படத்தில் கேடு தெரியும்வரை காத்திருந்தால் விரல் கோணிவிடும். வீக்கம் கண்டதும் போனால் விரலைக் காப்பாற்றலாம்.