பத்திருபது பேரிடம் பேசினால் ஆய்வாகிவிடுமா?

பண்புசார் ஆய்வு (எண்ணிக் கணக்கிடாமல், பேசியும் பழகியும் அறிவது) செய்திருக்கிறேன் என்று ஒரு மாணவி வைவாவில் நின்றால், "சாம்பிள் எத்தனை?" என்ற கேள்வி வராமல் போகாது. இருபது என்றதும் எதிரே புருவங்கள் ஏறும்.

நம்பிக்கை: ஆள் குறைந்தால் ஆய்வு நிற்காது.

கேள்வியைப் பொறுத்தது. 'எத்தனை சதவீதம்' என்றால் நிறையப் பேர் வேண்டும். 'ஏன், எப்படி' என்றால், கேட்டதே திரும்பத் திரும்பக் காதில் விழும்வரை போனால் போதும். அதற்குத் தரவு நிறைவு என்று பெயர். கானா, நைஜீரியாவில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006இல் அலசினார்கள். முதல் 12லேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டிருந்தன. ஆனால் அந்தப் பெண்கள் ஏறக்குறைய ஒரே வகையினர், கேட்ட கேள்விகளும் ஒரே மாதிரி. இதை விழுங்கிவிட்டு '12 போதும்' என்று எழுதுகிற ஆய்வேடுகள்தான் எரிச்சலூட்டுகின்றன.

நம்பிக்கை: ஆய்வாளர் விலகி நிற்காவிட்டால் அது வெறும் சொந்தக் கருத்து.

விலகி எங்கே நிற்பது? 1960களின் தொடக்கத்தில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் களப்பணி செய்தார். ஸ்ரீபுரம் என்பது அவர் வைத்த மாற்றுப்பெயர். தங்கியது அக்கிரகாரத்தில். ஊர் அவரைப் பிராமணராகவே பார்த்தது. அக்கிரகாரத்து வீடுகளில் தாராளமாகப் புழங்க முடிந்தவருக்குச் சேரிப் பக்கம் அப்படிப் போய்வர முடியவில்லை. 1965இல் வந்த நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார். எந்தத் திண்ணையிலிருந்து பார்த்த காட்சி இது என்று தெரிவதால்தான் அதை நாம் எடைபோட முடிகிறது. வினாத்தாளோடு வீடுவீடாகப் போகிறவருக்கும் சாதி உண்டு, பால் உண்டு. அதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: பேசவிட்டு எழுதிக்கொள்வதுதானே, யாரும் செய்யலாம்.

ஒரு மணிநேரப் பேச்சை எழுத்தாக்கவே நாலைந்து மணிநேரம் ஆகும். பிறகு வரிவரியாகக் குறியிட வேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், முரண்படுகிறவரைத் தேடிப் போக வேண்டும்.

இந்த உழைப்பு எவ்வளவு ஆழமாகப் பதியும் என்பதற்கு ஓர் உதாரணம். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி எழுதிய குறிப்புகளைப் பல ஆண்டுகள் வகைப்படுத்தி வைத்திருந்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் அந்தத் தொகுப்பின் மூன்று படிகளும் எரிந்தன. பெரும்பாலும் நினைவிலிருந்தே அவர் எழுதிய கிராமத்து நூல் 1976இல் வெளிவந்தது.