பங்குக் கறியும் குளிர்சாதனப் பெட்டியும்

முன்னுரை

உணவைத் தேடுவது அரிது. தேடிய உணவைக் கெடாமல் காப்பது அதனினும் அரிது. நம் நகரங்களில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கடையில் இறைச்சி வாங்குவதே வழக்கமாகிவிட்டது. ஆயினும் ஓர் ஆட்டை முழுதாக வாங்கிப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் பழைய வழக்கம் இன்னும் மறையவில்லை. அவ்வாறு மொத்தமாக வாங்கும் இறைச்சியை உறையவைத்துப் பாதுகாப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

கூறு போடும் வழக்கம்

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் முதலிய பண்டிகைகளின்போது நம் கிராமங்களில் சில குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து, ஆடு வளர்ப்பவரிடமே நேரில் சென்று ஓர் ஆட்டை விலை பேசுவர். கறி, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் ஒவ்வொரு பங்கிலும் சமமாக இருக்கும்படி கூறு போடுவர். இதுவே பங்குக் கறி. இதனால் இடைத்தரகர் இன்றி வளர்த்தவருக்கு விலை கிடைக்கிறது. ஆடு எங்கே மேய்ந்தது, நோயின்றி இருந்ததா என்பது வாங்குவோருக்குத் தெரிகிறது.

மிஞ்சிய கறியை நம் பாட்டிமார் வீணாக்கவில்லை. உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டம் போட்டனர். ஈரம் வற்றிய இடத்தில் கிருமிகள் பெருகுவதில்லை. இன்று அந்த வேலையைக் குளிர்சாதனப் பெட்டியின் பிரீசரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

விலைக் கணக்கு

20 கிலோ எடையுள்ள ஆட்டை வாங்கினால் 20 கிலோ கறி கிடைக்காது. தோல், இரத்தம், வயிற்றில் உள்ள தீவனம் முதலியவை கழிந்தால் ஏறத்தாழப் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் எலும்போடு கூடிய கறி மிஞ்சும். உயிரோடு எடை போட்டுக் கிலோ 400 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். ஆட்டின் விலை 8000 ரூபாய். கிடைக்கும் கறி 9 கிலோ எனில், ஒரு கிலோ சுமார் 889 ரூபாய் ஆகிறது. அதில் ஒரு கிலோ கெட்டுப்போனால் மீதி 8 கிலோவின் விலை கிலோவுக்கு 1000 ரூபாயாக உயர்ந்துவிடுகிறது! ஆகவே மொத்தமாக வாங்குவதில் உள்ள இலாபம், அதைக் காப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது?

இறைச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரியில் அவற்றின் பெருக்கம் நின்றுவிடுகிறது. ஆனால் அவை எல்லாம் இறந்துவிடுவதில்லை; உறங்குகின்றன என்றே கொள்ளவேண்டும். குளிர் நீங்கினால் மீண்டும் விழித்துக்கொள்ளும்.

குளிர் இடையறாமல் இருந்தால் என்ன பயன் என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. 1882 பிப்ரவரியில் டனீடின் என்னும் பாய்மரக் கப்பல், ஏறத்தாழ 5000 ஆடுகளின் உறைந்த இறைச்சியுடன் நியூசிலாந்திலிருந்து புறப்பட்டது. வெப்பமண்டலக் கடலைக் கடந்து 98 நாட்களில் இங்கிலாந்தை அடைந்தது. கெட்டதென்று ஒதுக்கப்பட்டது ஓர் ஆட்டின் இறைச்சி மட்டுமே.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பிரீசரில் உள்ள இடத்தை முதலில் பார்த்து, அது கொள்ளும் அளவே வாங்கவேண்டும்.

2. அறுத்த சூடு ஆறாத கறியை உடனே பிரீசரில் திணித்தால் தசைகள் சுருங்கிக் கறி கடினமாகும். அங்கே முன்பே உள்ள பொருள்களும் இளகும். கீழ்த்தட்டில் ஒரு நாள் மூடிவைத்துப் பின்பு உறையவைப்பதே நன்று.

3. ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு பொட்டலம் என்று பிரித்து, காற்றை அகற்றி, தட்டையாகக் கட்டவேண்டும். தட்டையான பொட்டலம் விரைவில் உறையும். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் தோன்றித் தசையைக் கிழித்துவிடும், சாறு ஒழுகிப்போகும்.

4. பொட்டலத்தின் மேல் தேதி எழுதவேண்டும். கொத்துக்கறியையும் ஈரலையும் மூன்று, நான்கு மாதங்களுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

5. உறைந்த கறியைச் சமையல் மேடையில் வைத்து இளகச் செய்யக்கூடாது. உள்ளே பனி இருக்கும்போதே வெளிப்புறத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கும். முந்தின இரவே ஒரு பாத்திரத்தில் இட்டுக் கீழ்த்தட்டில் வைத்தால், சாறு காய்கறிகளின் மேல் சொட்டாமலும் இருக்கும்.

மின்சாரம் நின்றால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் சில பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பொருள் நிறைந்த தனிப் பிரீசர், கதவைத் திறக்காதவரை சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். நம் வீட்டுப் பெட்டியின் மேலே உள்ள சிறிய பிரீசர் அவ்வளவு நேரம் தாங்காது. ஆகையால் புயல் மழைக் காலத்தில் மிகுதியாகச் சேர்த்துவைப்பது அறிவுடைமை ஆகாது. மின்சாரம் வந்தபின் கறியில் பனித்துகள் இருந்தால் மீண்டும் உறையவைக்கலாம். முற்றும் இளகி வெதுவெதுப்பாகிவிட்டால் எறிந்துவிடவேண்டும். நாற்றம் இல்லையே என்று நம்புவது தவறு. நோய் தரும் கிருமிகள் பல, நாற்றத்தால் தம்மைக் காட்டிக்கொள்வதில்லை.

முடிவுரை

ஓர் உயிரின் விலையாக நமக்குக் கிடைக்கும் உணவு இது. அதில் ஒரு துண்டையும் வீணாக்க நமக்கு உரிமை இல்லை. அளவறிந்து வாங்குவோம், முறையறிந்து காப்போம். மின்சாரம் உடனே வராது என்று தெரிந்தால், இளகிக் கெடுமுன் சமைத்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்போம். பங்கிட்டு வாங்கிய கறியைப் பங்கிட்டு உண்பதும் அவ்வழக்கத்திற்கு ஏற்றதே அன்றோ!