இசைக்கலைஞர் பில் காலின்ஸ்

ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடிச் செல்வது ஆற்றின் இயல்பு. கலைஞர் சிலரது வாழ்வும் அத்தகையதே. இங்கிலாந்து நாட்டு இசைக்கலைஞர் பில் காலின்ஸின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

காலின்ஸ் 1951ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். சிறு வயதில் அவருக்கு விளையாட்டு மேளம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. மேளத்தின்பால் அவர் கொண்ட விருப்பத்தைக் கண்ட உறவினர் இருவர், சிறு தாளக் கருவிகளை ஒரு பெட்டிக்குள் அடங்குமாறு அமைத்து அளித்தனர். அன்று தொடங்கிய பயிற்சியை அவர் கைவிட்டாரில்லை.

அவர்தம் அன்னையார் நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித் தரும் பணியில் ஈடுபட்டிருந்தார். ஆதலின் நாடக மேடை அவருக்கு இளமையிலேயே அறிமுகமாயிற்று. டிக்கன்சின் புதினத்தைத் தழுவிய 'ஆலிவர்' என்னும் இசை நாடகத்தில், 1964இல், முடிச்சவிழ்க்கும் சிறுவர்களுள் கைதேர்ந்தவனாக அவர் நடித்தார். ஆயினும் ஒரு நாள் மேடையிலேயே அவருடைய குரல் உடைந்தது. சிறுவர் வேடம் அவரை விட்டு நீங்கியது. அவரோ மனந்தளராது மேளத்தை நாடினார்.

1970இல் 'ஜெனிசிஸ்' என்னும் இசைக்குழு மேளக் கலைஞர் ஒருவரைத் தேடியது. தேர்வு, குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பெற்றோர் இல்லத்தில் நடைபெற்றது. முன்னதாகவே சென்றுவிட்ட காலின்ஸ், அங்கிருந்த நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டிருந்தார். உள்ளே பிறர் வாசித்தவை அவர் காதில் விழுந்தன. அவர் அவற்றைக் கூர்ந்து கேட்டு மனத்திற் பதித்துக்கொண்டார். தம் முறை வந்தபோது தயக்கமின்றி வாசித்தார், தேர்வும் பெற்றார்.

1975இல் கேப்ரியல் குழுவினின்றும் விலகினார். புதிய பாடகரைத் தேடிப் பலரைச் சோதித்தும் ஒருவரும் பொருந்தவில்லை. முடிவில், மேளத்தின் பின்னே அமர்ந்திருந்த காலின்ஸே முன்வந்து பாடினார். 1976இல் வெளிவந்த இசைத்தட்டில் அவர் குரலே முதன்மைக் குரலாயிற்று.

பின்னர் அவருடைய இல்வாழ்வில் பிரிவு நேர்ந்தது. அத்துயரைப் பாடல்களாக்கி, தம் இல்லத்திலேயே தனித்திருந்து பதிவு செய்தார். அவற்றினின்றும் உருவாகிய 'ஃபேஸ் வேல்யூ' என்னும் இசைத்தட்டு 1981இல் வெளிவந்தது. அதில் ஒலித்த மேள முழக்கம் புதுமையானது. கேப்ரியலின் இசைத்தட்டு ஒன்றுக்கு வாசித்தபோது, கலைஞரோடு பேசுவதற்கென அமைந்த ஒலிவாங்கியின் வழியே மேள ஒலி தற்செயலாகக் கேட்டது. இடியென எழுந்த அவ்வொலி, எதிரொலி நீளாமல் சட்டென அறுந்து நின்றது. அம்முறையை அவர் தம் பாடலிலும் கையாண்டார். பின்னர் உலகெங்கும் பலர் அதனைப் பின்பற்றினர்.

பிறர் இசைத்தட்டுகளைத் தயாரிக்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார். சுவீடன் நாட்டுப் பாடகி ஃபிரிடாவுக்கு 1982இல் அவர் அமைத்துத் தந்த இசைத்தட்டு அவற்றுள் ஒன்று. 'டார்சான்' திரைப்படத்திற்கு இயற்றிய பாடலுக்காக 2000ஆம் ஆண்டில் ஆஸ்கார் பரிசு பெற்றார்.

புகழின் உச்சியை எய்திய அவரை மற்றொரு சோதனை எதிர்நோக்கியிருந்தது. கழுத்தெலும்பில் நேர்ந்த ஊறு கைகளின் வலிமையைக் குன்றச் செய்தது. 2010இல் வெளிவந்த இசைத்தட்டுக்காக, மேளக் குச்சியைக் கையோடு பிணைத்துக்கொண்டு வாசித்தார். பின்னர் அதுவும் இயலாதாயிற்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள் இலண்டனில் ஜெனிசிஸ் குழுவின் இறுதி நிகழ்ச்சி நடைபெற்றது. காலின்ஸ் நாற்காலியில் அமர்ந்தவாறே பாடினார். அவருக்குப் பின்னே, அவர் ஒரு காலத்தில் வீற்றிருந்த இடத்தில், அவர்தம் மகன் அமர்ந்து மேளம் முழக்கினார்.

குரல் உடைந்தபோது கைகள் அவருக்குத் துணை நின்றன. கைகள் சோர்ந்தபோது குரல் துணை நின்றது. இழந்ததை எண்ணி ஏங்காது, எஞ்சியதைக் கொண்டு பணியைத் தொடர்வோரை விட்டுக் கலை நீங்குவதில்லை.